கடல்வேங்கையின் பெயரழைப்பு

கடல்வேங்கை என்ற நாசகாரிக் கப்பலின் போர்க்கால வரலாற்றைக் கப்பலே சொல்லும். நான்கு சண்டை, இரண்டு முறை தீ, உயிரிழப்பு எதுவும் இல்லை. அது சொல்வதுதான் அரசாங்கத்துக்கு வேதவாக்கு. அதனால் எமரன்சியாவின் புருஷன் சூசை இன்னும் பணியில்தான் இருந்தான். அவன் உடலைத் தன் கையாலேயே கடலில் இறக்கிய சிநேகிதன் பெர்க்மான்ஸ் சொல்லியும் எடுபடவில்லை.

"ஆள் குறைஞ்சா கப்பல் எங்க பேச்சக் கேக்காது மதினி, தானா சண்டைக்குக் கெளம்பிரும். அதான் காலையில அது பேர் கூப்பிடறப்போ, செத்தவங்களுக்கும் சேத்து நாங்களே குரல் குடுத்தோம்" என்றான் அவன்.

இனி ஒரே வழிதான். வீட்டார் ஒருவர் முன்னிலையில் நடக்கும் பெயரழைப்பில் பதில் வராவிட்டால், சூசை இறந்ததைக் கப்பல் ஏற்றுக்கொள்ளும். அவளை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனான் பெர்க்மான்ஸ்.

"மூணு தடவ கூப்பிடும். வாயத் தொறக்காம நின்னா போதும்."

"சூசை அந்தோணி" என்றது கப்பல்.

எமரன்சியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கப்பல் காத்திருந்து மறுபடியும் கூப்பிட்டது. ஊரில் எல்லோரும் அந்தப் பெயரை இறங்கிய குரலில்தான் சொல்கிறார்கள். இதுவோ, பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது.

மூன்றாவது முறை.

"உள்ளேன் ஐயா" என்றாள் எமரன்சியா.