கலெக்டருக்குக் கேட்கும் மழை

ஒரு விரல்.

டீச்சர் தன் உள்ளங்கையில் தட்டிக் காட்டினாள். யூகேஜி பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் தட்டினார்கள். வகுப்பில் தூறல் விழுந்தது.

இரண்டு விரல்.

மூன்று விரல்.

முழுக் கையால் தட்டினால் பெருமழை. தரையில் காலை உதைத்தால் இடி. மின்னலுக்குச் சத்தம் கிடையாது, எல்லோரும் கண்ணை அகல விரிக்க வேண்டும். இவர்களுக்கு மட்டும் மின்னல் எப்போதும் இடிக்குப் பிறகுதான் வந்தது.

வெளியே, நிஜ வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

இந்த மழைப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. பிள்ளைகள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பலமாகத் தட்டினால் மழை வரும். இன்னும் பலமாகத் தட்டினால் கலெக்டருக்குக் கேட்கும். கேட்டால் லீவு விடுவார்.

நாலு நாளாக அவர்கள் கலெக்டருக்காகத்தான் தட்டுகிறார்கள்.

மழை லீவு வேண்டாத டீச்சர் என்று இந்த ஜில்லாவில் தேடினால் அவள் ஒருத்திதான் கிடைப்பாள்.

போன மழைக்கு ஐந்து நாள் லீவு. ஒரு மாடி அறை, ஒரு ஜன்னல், அவள். ஐந்தாம் நாள் பால் வாங்கப் போனவள், அரை லிட்டர் என்று சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பயந்துதான் போனாள்.

இப்போது கையைத் தாழ்த்தினாள். மழை விடட்டும் என்று அர்த்தம். மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல்.

யாரும் விடவில்லை.

டிபன் பாக்ஸ் மூடிகள் வெளியே வந்தன. ரிஸ்வான் பெஞ்சிலிருந்து குதித்தான். நல்ல இடி. தகரக் கூரையில் முதல் சொட்டுகள் விழுந்தபோது, எது வானத்து மழை, எது வகுப்பு மழை என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஆயா எட்டிப் பார்த்து, நாளைக்கும் மறுநாளும் லீவாம், கலெக்டர் சொல்லிவிட்டாராம் என்றாள்.

பிள்ளைகள் ஓடிவந்து டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். தாங்க்யூ மிஸ், தாங்க்யூ மிஸ். மழையை வரவழைத்தது மிஸ்தானே.

அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது.

குடைகள் வந்தன. ஸ்கூட்டர்கள் வந்தன. ஒவ்வொருவராகப் போனார்கள்.

கடைசியில் நிறைமதி மட்டும் நின்றாள். அவள் வீடு பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. அம்மா குடையோடு கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து குழந்தையின் மழைக்கோட்டுக்குப் பொத்தான் போட்டாள்.

நிறைமதி அவள் காதோரம் வந்தாள்.

"நாளைக்கு மறந்துட்டு வந்துடாதீங்க மிஸ். போன லீவுல பூட்டுன கேட்டுகிட்டயே நின்னுட்டு இருந்தீங்கல்ல. தெனமும் நான் எங்க ஜன்னல்லேருந்து பாத்தேன்."



அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள்.

பொத்தான் மாறிப்போச்சு, ஒரு நிமிஷம் என்றாள் டீச்சர். சரியாகப் போட்டிருந்த ஐந்து பொத்தான்களையும் கழற்றினாள். முதலிலிருந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.