இருமல் சார்

“சார், இது நூலகமா, இல்ல நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியா?”

நூலகர் போட்ட அதட்டலில் வாசிப்பு அறையே நிமிர்ந்து பார்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவு திறந்ததும் வந்தால் சாத்தும்போதுதான் போவார்.

“மன்னிச்சுக்குங்க மேடம். தானா வருது.”

“தானா வருதா? நான் எழுந்தா வருது, உக்காந்தா நின்னுடுது. அதெப்படி சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேலிதான், சந்தேகமே இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவருக்கு ‘இருமல் சார்’ என்று மனசுக்குள் பெயரும் வைத்தாயிற்று.

அமைதி விஷயத்தில் அவள் ஒரு ராட்சசி. சொன்னது வேறு யாருமில்லை, அவளேதான், அதுவும் பெருமையாக. யார் கையிலிருந்தாவது பேனா நழுவி விழுந்தால்கூட முறைப்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு சின்னத் தொந்தரவு இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாலும் சரி, காலைத் தூக்கி முக்காலியில் வைத்தாலும் சரி, வலது இடுப்பில் ஏதோ ஒன்று ‘டக்’கென்று தாண்டி விழும். வயசானால் உடம்புக்குள் ஆயிரம் சத்தம் கேட்கும், வெளியே யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மேலதிகாரி பார்வையிட வந்த அன்று வினை முற்றியது. அலமாரி அலமாரியாக அவள் நடந்து காட்ட, ஜன்னலோரத்திலிருந்து இருமலுக்கு மேல் இருமல்.

“அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்றார் அதிகாரி.

அவள் மானம் கப்பலேறியது. அதிகாரி போனதும் நேரே ஜன்னலுக்குப் போனாள்.

“சார், இனிமே நீங்க உள்ள உக்காரக் கூடாது. புத்தகத்தை எடுத்துக்கிட்டு வராண்டா பெஞ்சுல போய்ப் படிங்க.”

“அங்க வெளிச்சம் பத்தாது மேடம். எனக்குக் கண்ணு வேற…”

“கண்ணு முக்கியம்னா இருமலை அடக்கியிருக்கணும்.”

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தோடு வராண்டாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. ஜெயித்த மிதப்பில் அவள் எழுந்து ஒரு சுற்று வந்தாள். கல்லூரிப் பெண்கள் பக்கமிருந்து ‘க்ளுக்’கென்று ஒரு சிரிப்பு.

“போனைப் பாத்தா சிரிக்கிறீங்க?”

போன்களையெல்லாம் வாங்கி மேஜையில் வைத்தாள். அடுத்த தடவை எழுந்தபோதும் சிரித்தார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இடுப்பு வலிக்கவும் ஆரம்பித்த பிறகுதான் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனாள். சின்னப் பெண். பரிசோதித்துவிட்டுச் சிரித்தாள்.

“இந்தச் சத்தம்தானா? நீங்க வெளியில நாற்காலிலருந்து எழுந்தப்பவே எனக்கு இங்க கேட்டுச்சே.”

“வெளியில… கேக்குமா?”

“நல்லாவே கேக்குதும்மா.”

‘அமைதி’ என்று சிவப்பு மையில் தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகை அவள் கண்முன் வந்து நின்றது. அந்தப் பெண்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் இப்போது புரிந்தது.

“எலும்பு தேஞ்சு போச்சா?”

“அதெல்லாம் இல்ல. தொடைக்கு வெளிப்பக்கம் பட்டை மாதிரி ஒரு தசைநார் ஓடுது. அது இறுகிப்போய், எலும்பு மேட்டைத் தாண்டும்போது டக்குனு சத்தம் வருது. எண்ணெய்க்கெல்லாம் போகாது. இறுக்கத்தைத் தளர்த்தவும் தசையைப் பலப்படுத்தவும் பயிற்சி சொல்லித் தர்றேன். கொஞ்ச நாளைக்கு முக்காலி ஏறாதீங்க. வலிச்சா ஐஸ் வைங்க. ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிற பழக்கம் உண்டா?”

உண்டு. மேஜையில் இடுப்பைச் சாய்த்து நின்று ஊரையே முறைக்கிற பழக்கம்.

வீட்டுக்குப் போனதும் கணவரைப் பிடித்தாள். “ஏங்க, என் இடுப்புச் சத்தம் உங்களுக்குக் கேக்குமா?”

“கேக்காம? அது கேட்டதும்தானே நான் போனைக் கீழ வச்சுட்டு வெங்காயம் நறுக்கவே ஆரம்பிப்பேன்.”

இத்தனை வருஷமாக அவரை உழைப்பாளி என்று நம்பியிருந்தாள்!

அன்றிலிருந்து ஊரை அடக்கியவள் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். வாசகர் யாராவது பார்த்திருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி எறிந்திருப்பார். ஆனால் பலன் இருந்தது. சில வாரங்களில் சத்தம் குறைந்தது. பிறகு ஒருநாள் நின்றே போனது.

உடம்பு சரியானால் மனசும் இளகும் போலிருக்கிறது. வராண்டாவில் மங்கல் வெளிச்சத்தில், புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி, பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடுவோம் என்று முடிவெடுத்தாள்.

“உள்ள வாங்க சார். ஆனா மறுபடியும் இருமல் கிருமல்னு…”

“வராது மேடம்.”

பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் சோதித்துப் பார்க்க நாற்காலியை விட்டு எழுந்தாள். இருமல் இல்லை. உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கிட்டே போய்க் குனிந்து கேட்டாள். “என்ன மருந்து சாப்பிட்டீங்க சார்? இருமல் சுத்தமா நின்னுடுச்சே!”

அவர் அந்தக் கல்லூரிப் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்கள் காதில் விழாதபடி மெல்லச் சொன்னார்.

“எனக்கு ஏது மேடம் இருமல்? உங்க இடுப்புச் சத்தம் நின்னுடுச்சு, நானும் நிறுத்திட்டேன்.”