மீசை வைத்த ஜோக்கர்

"நீங்கல்லாம் புள்ள குட்டி பெத்தவங்கதானா சார்?"

குரோம்பேட்டை தியேட்டரில் மேனேஜர் அறைக்குள் நுழைந்ததுமே உதயா கத்தினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயது மகள் மகிழினி நின்றாள்.

"போஸ்டர்ல ஜோக்கரைப் போட்டா சர்க்கஸ் படம்னுதானே நெனைப்பாங்க? பெருங்களத்தூர்ல புது வூடு கட்டி, போன ஞாயித்துக்கெழமைதான் குடி வந்தோம். அன்னிக்கே சந்தோஷமா கூட்டினு வந்தேன். பார்த்தா பேய்ப் படம். பத்தே நிமிஷத்துல எழுந்து போயிட்டோம். அன்னிலேர்ந்து இவ வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்குறா சார். தெனம் ஸ்கூல் விட்டு வந்து தெருவுலயே நின்னு அழுவுறா. நான் சும்மா வுட மாட்டேன், கேஸ் போடுவேன்."

மேனேஜர் ஒரு தாளையும் பேனாவையும் மகிழினியிடம் நீட்டினார்.

"எதைப் பார்த்தா உனக்குப் பயம்னு வரைஞ்சு காட்டு கண்ணு."

அவள் வரைந்தாள். உருட்டிய கண்கள், தொங்கும் நாக்கு, கோரைப் பல், முறுக்கு மீசை.

"பச்சப் புள்ள மனசுல இன்னாத்த ஏத்தி வெச்சிருக்கீங்க, பாருங்க சார்."

மேனேஜர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எங்க படத்து ஜோக்கருக்கு மீசையே கிடையாதே சார்."

"இது ஜோக்கர் இல்ல அங்கிள்" என்றாள் மகிழினி. "ஜோக்கருக்குப் பெரிய ஷூ. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. இவரு எங்க புது வூட்டு வாசல்ல தொங்குறாரு."

உதயா நாற்காலியில் உட்கார்ந்தான். குரல் அடங்கிப் போயிருந்தது.

"இவ மேல யாரு கண்ணும் படக்கூடாதுன்னுதான் சார், குடி வந்த அன்னிக்கு அந்தத் திருஷ்டி பொம்மைய மாட்டினேன்."