ஆறு இலக்க எண்

"பாஸ்வேர்டு என்ன வச்சிருந்தே? மறைக்காம சொல்லு."

"பாப்பா பேரும், அவ பொறந்த வருஷமும்ண்ணா."

"சுத்தம்!" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அதுக்குக் கதவையே கழட்டி வச்சிருக்கலாம். பாப்பா பொறந்த நாளுக்குக் கேக் வெட்டுன போட்டோவ நீயேதானே பேரோட, தேதியோட போட்டே? திருடனுக்கு வேற என்ன வேணும்?"

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காலையில் எழுந்து பார்த்தபோது அவளுடைய இணையப் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. குழந்தைகளுக்குக் கவுன் தைத்துப் படம் போட்டு, ஒன்றரை வருடமாகக் கண் எரிய உட்கார்ந்து வளர்த்த பக்கம். இருபத்தோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். எட்டு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு, "என்ன மேடம், தையலையே விட்டுட்டேன்னு பக்கத்துல போட்டிருக்கீங்க?" என்றபோதுதான் வேறு யாரோ உள்ளே புகுந்திருப்பது அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் மற்றவர்களைப் போல வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

"ஏதாவது லிங்க்கைத் தட்டினியா?"

"போன வாரம் ஒரு அம்மா, இந்த மாடல்ல தைப்பீங்களான்னு ஒண்ணு அனுப்புனாங்க. தட்டினேன். ஒண்ணும் வரல."

"உனக்கு ஒண்ணும் வரல. அவனுக்கு எல்லாம் போயிருக்கும்."

அண்ணி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "சரி, காசு எவ்வளவு கேக்கறானாம்?"

"காசே கேக்கல அண்ணி. அழிச்சுக்கிட்டே இருக்கான்."

"காசு கேக்காத திருடனை இப்பத்தான் கேள்விப்படறேன்."

"உனக்குத் தெரியாது, நீ வேலையப் பாரு" என்றார் அண்ணன். "சில பேருக்கு அடுத்தவன் பொழைப்பைக் கெடுக்கறதே பொழுதுபோக்கு."

அவளுக்குப் பொறுக்க முடியாமல் அழுகை வந்தது. அடுத்த மாதம் முதல் தேதி தனி வீட்டுக்குப் போவதாக இருந்தாள். ஒரே அறைதான். ஆனால் மெஷின் போட ஜன்னலோரம் இடம் இருந்தது, பாப்பாவின் பள்ளிக்கூடமும் பக்கம். கை நீட்டுகிற புருஷனிடமிருந்து குழந்தையோடு கிளம்பி அண்ணன் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் அண்ணன், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க" என்று தினமும் நச்சரித்தார். பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம் என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

"அழாதே. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக்கூடாது. ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்கு, அதையும் போடணும். போனுக்கு வர்ற நம்பரை எவன் கேட்டாலும் குடுக்கக்கூடாது. பெத்த அப்பனே வந்து கேட்டாலும் சரி. புரியுதா?"

'நம்பர்' என்றதும் அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"அண்ணா, பாஸ்வேர்டு மாத்தணும்னா ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும்ல? அது வந்தாத்தானே மாத்த முடியும்?"

"ஆமா."

"அது உங்க போனுக்குத்தானே வரும்? பக்கம் ஆரம்பிச்சப்ப எனக்குன்னு நம்பரே இல்ல. நீங்கதானே உங்க நம்பரைப் போட்டு ஆரம்பிச்சுக் குடுத்தீங்க. மாத்திடலாம்னு நான் கேட்டப்பக்கூட, அப்புறம் பாத்துக்கலாம்னீங்க."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"நீயே பாரு. எனக்கு எதுவும் வரல. இந்தக் காலத்துத் திருடனுக்கு நம்பரெல்லாம் தேவையில்லம்மா, அவனுக்கு ஆயிரம் வழி இருக்கு. நான் குளிச்சிட்டு வரேன். சாப்பிட்டுட்டுப் போய் ஒரு புகார் எழுதிக் குடுத்துடலாம்."

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அவள் குறுஞ்செய்திகளை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தாள். மின்கட்டணம், வங்கி விளம்பரம், கேஸ் சிலிண்டர் பதிவு. அவர் சொன்னபடியே எந்த எண்ணும் அதில் இல்லை. அண்ணன் போனை வாங்கிச் சோதிக்கிற அளவுக்குப் போய்விட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தனக்காக ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலையிலிருந்து அல்லாடுகிற மனிதர்.

"சுத்தமா நம்பிக்கையே போயிடுச்சு அண்ணி" என்றாள்.

"விடு. பொழைப்பு இல்லேன்னா என்ன, கூடப் பொறந்தவர் இருக்கார்ல? அவர் ஏதாவது வழி பண்ணுவார்."

போனைக் கீழே வைக்கப்போனாள். கையிலேயே அது ஒரு தடவை அதிர்ந்தது. திரையின் மேலே 'மாப்பிள்ளை' என்ற பெயர் வந்தது. அவளுடைய புருஷன்தான்.

குளியலறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "என்னம்மா, ஏதாவது வந்திருக்கா?"

அவள் படித்தாள். "மச்சான், விடிகாலையில நீங்க அனுப்புன ஆறு நம்பர் வேலை செஞ்சுடுச்சு, பக்கத்தை மொத்தமா அழிச்சாச்சு. இனி அவ எங்க போய்ப் பொழைப்பா? நீங்க சொன்ன மாதிரியே சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போறேன்."