பாதி முகத்து வெளிச்சம்

பழைய படங்களை மட்டும் ஓட்டும் கொட்டகை ஒன்றில், திரையின் மேலேயே ஒரு பல்லி குடியிருந்தது. வெளிச்சம் விழும் இடத்தில் பூச்சி வந்து உட்காரும். பல்லிக்கு அதுதான் சாப்பாடு. அதனால் வெயிலில் எடுத்த பாட்டுக் காட்சி என்றால் அதற்கு உயிர்.

அந்த வாரம் வந்த கறுப்பு வெள்ளைப் படம் அதன் வயிற்றில் அடித்தது. கடைசியில் கதாநாயகி ஜன்னலோரம் நிற்பாள். பாதி முகத்தில்தான் வெளிச்சம்; மீதித் திரை முழுக்க இருட்டு.

"யாரோ கஞ்சப்பய எடுத்திருக்கான். கூட ஒரு விளக்குப் போட்டா குறைஞ்சா போயிடுவான்?" என்று நாற்காலிக்கு அடியில் வாழும் எலியிடம் பல்லி புலம்பியது.

எலி முறுக்குத் துண்டைக் கீழே வைத்தது. "அவ கன்னத்து மேலயே உக்காந்துக்கிட்டா என்ன தெரியும்? கீழ இறங்கி வந்து பாரு."

மறுநாள் பல்லி முணுமுணுத்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனது. கதாநாயகி, ஊரைவிட்டுப் போகிறவனை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மெல்லத் திரும்பி, முகத்தை இருட்டுக்குள் கொண்டுபோனாள். அவ்வளவுதான். அங்கே அவள் அழுவது கொட்டகை முழுவதற்கும் தெரிந்தது. முறுக்குக் கடிக்கும் சத்தம்கூட இல்லை.

"அந்த இருட்டை யாரு வச்சது?" என்றது பல்லி.

"டைரக்டரும் கேமராக்காரரும் சேர்ந்துதான்."

அடுத்த நாள் பல்லி திரையின் ஓரச் சட்டத்தில் ஒதுங்கி உட்கார்ந்தது. அதே காட்சியில், கொழுத்த பூச்சி ஒன்று கதாநாயகியின் கன்னத்தில் வந்து அமர்ந்தது.

"சீக்கிரம் புடி," என்றது எலி. "அவ திரும்பினா வெளிச்சம் போயிடும், பூச்சியும் போயிடும்."

"தெரியும்," என்றது பல்லி, வாலைச் சுருட்டிக்கொண்டு. "அவ திரும்பட்டும்."