தாலாட்டுக்கான பிரெஞ்சுச் சொல்

“ஷான்த்தே” என்று ஷாந்தினி மறுபடியும் முணுமுணுத்தாள். பிரெஞ்சில் பாடுவது. கடைசியில் ஒரு ‘ர்’ எழுதுவார்களாம், சொல்ல மாட்டார்களாம்.

செனாய் விமான நிலையத்தில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தூணுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தாள். கோலாலம்பூர் விமானம் இறங்கிவிட்டது என்றது பலகை. இன்னும் யாரும் வெளியே வரவில்லை.

“ஷான்ஸோன்.” பாட்டு. அந்த ‘ன்’ வாய்க்கு வரக்கூடாது, மூக்கிலேயே நின்றுவிட வேண்டும்.

“போதும்லா ஷாந்தினி, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?” என்றான் கணவன் தயானந்தன். ஸ்கூடாய் நெரிசலில் கார் ஊர்ந்த நேரம் முழுக்க அவன் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தான்.

பாரிஸில் இருந்த ஷாந்தினியின் அக்கா சத்தியபாமா போன மாதம் இறந்துபோனாள். அவளுடைய ஆறு வயது மகள் லோஷினிக்கு இனி இவர்கள் இரண்டு பேர்தான். பிள்ளைக்குத் தமிழ் வராது. ஒரு மாதத்தில் ஒரு மொழியைக் கற்றுவிடவும் முடியாது.

பிள்ளைக்குப் பாட்டென்றால் உயிர் என்று அக்கா எப்போதோ சொல்லியிருந்தாள். ஷாந்தினி பாட்டைச் சுற்றிய சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

முதல் ராத்திரி அழுதால்? அதற்கும் ஒன்று வைத்திருந்தாள். தாலாட்டு. அந்தச் சொல்தான் நாக்கில் நிற்காமல் வழுக்கியது.

கதவு திறந்தது.

பிள்ளையைக் கூட்டிவர ஒப்புக்கொண்ட அக்காவின் நண்பன் ஜீவன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி லோஷினி. அக்காவின் நெற்றி. அக்காவின் அதே முறைப்பு.

ஷாந்தினி அவள் உயரத்துக்குக் குனிந்தாள். கற்றதெல்லாம் காணாமல் போனது. மிஞ்சியது அந்த வழுக்கும் சொல் ஒன்றுதான்.

“பெர்சியூஸ்?”

பிள்ளை வெறித்துப் பார்த்தது. சட்டை நுனியை இன்னும் இறுக்கிக்கொண்டது. ஷாந்தினிக்கு முகம் சுட்டது. பின்னால் தயானந்தன் தொண்டையைச் செருமினான்.

“பெர்ஸோஸ்,” என்று திருத்தியது பிள்ளை, எரிச்சலாக.

ஜீவனின் கையிலிருந்து பெட்டி நழுவி விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“தாய் போன நாளில இருந்து பிள்ளை ஒரு சொல்லும் கதைக்கேல்லை அக்கா,” என்றான். “ஃபோனில சொன்னா பயந்திடுவியள் எண்டு நான் சொல்லேல்லை.”

ஷாந்தினி எழவில்லை. அப்படியே தரையில் முழங்கால் ஊன்றினாள்.

குரலுக்கு அவர்கள் சொல்வது ‘வுவா’. கடைசியில் எழுதும் ‘எக்ஸ்’ ஊமை. கற்றவற்றில் முதல் நாளிலிருந்தே அவளுக்குப் பிசகாமல் வந்த ஒரே சொல் அதுதான்.

பிள்ளையின் கண்களைப் பார்த்தபடி, அந்த ஊமை எழுத்தையும் வேண்டுமென்றே அழுத்தி, “வாய்க்ஸ்” என்றாள்.