மன்னிப்புக்கு ஒத்திகை

“நம்பரைக்கூடக் கடவுளே வந்து அழுத்தணுமா?” என்றார் மெனாஷே.

அவர் மனைவி பெனினா டீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு தொடங்கிவிடும். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ, அதற்குள் கேட்டுவிட வேண்டும். ஹைஃபா நகரமே காலையிலிருந்து போனும் கையுமாக இருந்தது. மெனாஷே மச்சினனிடமும் கீழ்வீட்டுக்காரரிடமும் கேட்டு முடித்துவிட்டு, சூப்பில் போடக் கறிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“பத்து நாளா ‘கடவுளே, தைரியம் கொடு’ன்னு வேண்டிட்டிருக்கேன். வரலையே!”

“எப்படி வரும்? அவருக்குச் செஞ்ச தப்பை அவர் மன்னிப்பாரு. அந்தப் பொண்ணுக்குச் செஞ்சதை அவகிட்டதான் கேக்கணும். நீ முதல்ல போனை எடு, அப்புறம் அவர் பாத்துக்கட்டும்.”

முப்பது வருஷத்துக்கு முன் நடந்தது அது. பெனினா அப்போது பாட்டு டீச்சர். பள்ளி விழாவுக்குப் பயிற்சி நடந்தபோது, லிமோர் என்ற ஒன்பது வயதுச் சிறுமியைத் தனியாக நிற்கவைத்து, “நீ வாயை மட்டும் அசை. சத்தம் வந்துச்சுன்னா, கழுதை கத்துதுன்னு ஜனங்க எழுந்து ஓடிடுவாங்க” என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது.

பத்து நாளைக்கு முன் சந்தையில் லிமோரின் தோழி ஒருத்தி சொன்னாள்: “அவ அதுக்கப்புறம் பாடவே இல்லை டீச்சர். பெத்த குழந்தைக்குத் தாலாட்டுக்கூடப் பாடலை.”

போன் நம்பரையும் அவள்தான் எழுதிக்கொடுத்தாள்.

பெனினா எண்களை அழுத்தினார்.

“ஹலோ, லிமோரா? நான் பெனினா டீச்சர்.”

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ராங் நம்பர்” என்றது ஒரு பெண் குரல்.

“அப்பாடா! கடவுளே, நன்றி!”

“ராங் நம்பருக்கா நன்றி?” குரலில் ஆச்சரியம்.

“ஒருத்திகிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. வாய் வரமாட்டேங்குது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “அப்ப என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்.”

பெனினா தொண்டையைச் செருமிக்கொண்டார். “லிமோர்... அன்னிக்கு எனக்கு ஒரே தலைவலி. விழாவுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஹெட்மாஸ்டர் வேற கத்தினாரு...”

“ஹெட்மாஸ்டரா மன்னிப்புக் கேக்கறாரு?”

போனில் வந்த குரல் காதில் விழ, மெனாஷே சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். மீசையெல்லாம் மாவு.

“சரி, சரி. லிமோர், உனக்குக் குரல் கொஞ்சம் அப்படி இப்படி இருந்ததால...”

“இப்ப தப்பு அவ தலையில விழுதே!”

பெனினா எதிர்ச்சுவரையே பார்த்தார். மறுபடி பேசியபோது குரல் தழைந்திருந்தது.

“லிமோர், உனக்குப் பாடறதுன்னா உயிர். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அத்தனை பேர் முன்னால உன்னைக் கழுதைன்னு சொன்னேன். தப்பு என்மேலதான். என்னை மன்னிச்சுடும்மா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இது போதும். இதையே அவகிட்டச் சொல்லுங்க. நம்பரை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துப் போடுங்க” என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

“பாத்தீங்களா? பழகிப் பாக்கறதுக்குக் கடவுளே ஒரு ஆளை அனுப்பிட்டாரு!” என்றார் பெனினா. முகமே மாறியிருந்தது.

“அனுப்பட்டும். பேச வேண்டியது நீதான். ம், போடு!”

மெனாஷே ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, பெனினா ஒவ்வொன்றாக அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

அதே குரல்!

“லிமோர்தான் பேசறேன் டீச்சர். உங்களை நான் மன்னிச்சுட்டேன். ராங் நம்பர்னு பொய் சொன்னதுக்கு நீங்க என்னை மன்னிச்சுடுங்க!”